தோலியல் அறிஞர் நாயுடம்மா

நாங்குநேரிப் பெரியகுளத்துக் கரையை விட்டு மேட்டு நிலத்தின் வழியே சிறிது தொலைவு நடப்போர், பாதையின் இருமருங்கும் பொன்னிறப் பூக்களைத் தாங்கி நிற்கும் ஆவிரைச் செடிகளைக் காண்பர். மழை பொய்த்த ஆண்டிலும் எளிதில் வாடாத செடி அது. மடலேறும் தலைவன் சூடிய பூவாகச் சங்கச் சான்றோர் பாடியது அதன் பூவையே. நாட்டு மருத்துவர் இன்றும் அதனை மருந்தாகக் கொள்வர். ஆயின் அச்செடியின் பட்டைக்கு வேறொரு பெருமையும் உண்டு. தமிழ்நாட்டில் ஆவிரம்பட்டையிட்டுப் பதப்படுத்திய தோல், ஒருகாலத்தில் கடல் கடந்து லண்டன் சந்தையில் நல்ல பெயர் பெற்று விலைபோயிற்று. அப்பட்டைக்கும் தோலுக்கும் உள்ள உறவு யாது என்பதை அறிவியல் நெறியில் ஆராய்ந்தும், அவ்வறிவைத் தொழிலாளர் கையில் சேர்த்தும் புகழ்பெற்றவர் ஒருவர் சென்னையில் வாழ்ந்தார். அவரே டாக்டர் எலவர்த்தி நாயுடம்மா ஆவார். பெயரின் ஈறு கண்டு அவரைப் பெண்பாலர் என மயங்குதல் கூடாது. ஆந்திர நாட்டில் ஆடவர்க்கும் இவ்வாறு பெயரிடும் வழக்கம் உண்டு.

தோலும் நம் வாழ்வும்

தோலின்றி நம் முன்னோர் வாழ்வு நடந்ததில்லை. காலுக்குச் செருப்பும், கொல்லனுக்குத் துருத்தியும், கோயிலுக்கு முரசும் மத்தளமும் தோலாலே அமைந்தன. கிணற்றினின்று நீர் இறைத்த கமலைக் கூனையின் அடியிற் கட்டிய வாலும் தோலே. அத்தோல் வாலின் வழியே பாய்ந்த நீரைக் கொண்டு நெல்லும் வாழையும் விளைந்தன. ஆயினும், அந்த வாலைத் தைத்துக் கொடுத்தவனை அக்கிணற்றருகே வரவொட்டாது தடுத்த கொடுமையும் நம் நாட்டுச் சிற்றூர்களில் இருந்தது. பொருளைப் போற்றி, அதைச் செய்தவனைத் தாழ்த்திய இம்முரண்பாடு பல நூற்றாண்டுகள் நிலைத்து நின்றது. கற்றவர் எவரும் தோல் தொழிலை நாடாமையால், தொழிலும் பழைய நிலையிலேயே தேங்கிற்று. இத்தகைய தொழிலையே தம் வாழ்நாட் பணியாக நாயுடம்மா மேற்கொண்டார் என்பதை முதற்கண் நாம் உளங்கொள்ளல் வேண்டும்.

பிறப்பும் கல்வியும்

அவர் 1922-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10-ஆம் நாள், அந்நாளைய குண்டூர் மாவட்டத்தில் தெனாலிக்கு அருகே உள்ள எலவர்று என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர்தம் குடி உழவர் குடி. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தொழில் வேதியியல் பயின்று பட்டம் பெற்றார். அப்பட்டத்தைக் கொண்டு சமூகத்தில் மதிப்பு மிக்க வேறு பணியொன்றை அவர் தேடிக்கொண்டிருக்கலாம். ஆயினும், சென்னைக்கு வந்து தோல் தொழில்நுட்பத்தையே பயின்றார். பச்சைத் தோலின் நாற்றமும், சுண்ணாம்புத் தொட்டியின் கசடும் அவரை அஞ்சச் செய்யவில்லை. பின்னர் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சென்றார். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து லீஹைப் பல்கலைக்கழகத்தில் தோல் வேதியியலை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார்.

அக்காலத்தே சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உருவாகிவந்தது. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டாகிய 1948-இல் அந்நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கே பணியிற் சேர்ந்த நாயுடம்மா, 1958-ஆம் ஆண்டு அதன் இயக்குநராக உயர்ந்தார். 1971-ஆம் ஆண்டு வரை, பதின்மூன்று ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்து, அந்நிலையத்தை உலகம் மதிக்கும் ஆராய்ச்சிக் கூடமாக வளர்த்தார்.

தோலின் இயல்பு

நாயுடம்மாவின் ஆராய்ச்சியை விளங்கிக்கொள்ளத் தோலின் இயல்பை ஒருசிறிது அறிதல் வேண்டும். விலங்கின் தோல் பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆயது. அமினோ அமிலங்கள் என்னும் சிற்றுறுப்புகள், மாலையிற் பூக்களைப்போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு நீண்ட தொடர் ஆகின்றன. சிற்றுறுப்புகள் பல இணைந்து உண்டாகும் இத்தகைய நெடுந்தொடரை வேதியியலார் பல்லுறுப்பி என்பர். பருத்தியும் பட்டும் ரப்பரும் இயற்கை தந்த பல்லுறுப்பிகள். நைலானும் பாலித்தீனும் மனிதன் ஆக்கியவை. கொலாஜனில் இத்தகைய தொடர்கள் மூன்று, கயிற்றுப் புரிகள்போல ஒன்றோடொன்று முறுக்கிக் கிடக்கின்றன. இம்முப்புரி அமைப்பை 1950-களின் நடுவில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கண்டுரைத்தவர்கள் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். அவர்தம் ஆய்வுக்குத் தூய கொலாஜன் தந்து உதவியது அண்மையில் இருந்த தோல் ஆராய்ச்சி நிலையமே.

பச்சைத் தோலை அப்படியே விட்டால் நுண்ணுயிர்கள் அதனைத் தின்று அழுகச் செய்யும். காயவைத்தாலோ பலகைபோல் விறைத்துவிடும். நீரிலிட்டுச் சூடேற்றினால் ஏறத்தாழ 60 முதல் 65 பாகை செல்சியசு வெப்பத்திலேயே சுருங்கிப்போகும். ஆவிரம்பட்டையின் சாற்றில் பல வாரங்கள் ஊறவைத்தாலோ, பட்டையிலுள்ள துவர்ப்பொருள் இழைகளுக்கிடையே புகுந்து தொடர்களைப் பற்றிக்கொள்கிறது. அதனால் தோல் அழுகாது, மென்மை பெறும், மேலும் 10, 20 பாகை வெப்பத்தையும் தாங்கும். குரோமிய உப்பினாற் பதனிட்ட தோலில் அப்பிணைப்பு இன்னும் வலிது. அது கொதிநீரையும் தாங்கவல்லது. ஆவிரம்பட்டையாற் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துபோகும். அது நிகழாவண்ணம் நம் தொழிலாளர் கடுக்காய்ச் சாற்றிலும் அதனை ஊறவைத்தனர். எழுத்தறியாத அவர்கள் கையால் அறிந்து செய்த இவை யாவும் வேதியியல் மாற்றங்களே. அவர்தம் கைத்திறத்துக்கு உரிய காரணங்களை ஆய்வுக்கூடத்தில் விளக்கிக் காட்டும் பணியில் நாயுடம்மா ஈடுபட்டார்.

செயற்கைத் தோலின் போட்டி

நாயுடம்மா இயக்குநராக இருந்த காலத்தில் தோல் தொழிலுக்குப் பேரச்சம் ஒன்று நேர்ந்தது. துணியின்மேல் பிவிசி என்னும் செயற்கைப் பொருளைப் பூசிச் செய்த போலித் தோல் முன்னரே சந்தைக்கு வந்திருந்தது. பிவிசி இயல்பில் விறைப்பானது. அதனை மென்மையாக்க ஒருவகை எண்ணெய்ப்பொருளைக் கலப்பர். நாளடைவில் அப்பொருள் கசிந்து வெளியேற, மேற்பூச்சு வெடித்துவிடும். ஆதலின் அதனால் தோலுக்குப் பெரிய போட்டி இல்லை. ஆயின் 1963-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம், நுண்துளைகள் உடைய புதிய செயற்கைத் தோலைக் கோர்ஃபாம் என்னும் பெயருடன் வெளியிட்டது. இனி விலங்குத் தோலுக்கு வேலையில்லை என்று பலர் பேசினர். தோலை நம்பி வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு அணைந்துவிடுமோ என்ற கவலை எழுந்தது.

இந்நிலையில் தோல் ஆராய்ச்சி நிலையத்தார் செயற்கைப் பல்லுறுப்பிகளைப் பகையென ஒதுக்கவில்லை. அவற்றைத் தோலுக்கே துணையாக்க முனைந்தனர். நாட்டு மாங்கன்றில் உயர்ந்த மரத்தின் கிளையை ஒட்டுக் கட்டுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வேர் நாட்டு மரத்தினது. கனி ஒட்டு மரத்தினது. அதுபோலவே கொலாஜன் தொடரின்மீது செயற்கைத் தொடரை ஒட்டி வளர்க்கும் முறையை நாயுடம்மா, கே. டி. ஜோசப், பாண்டுரங்கராவ் ஆகிய அறிஞர்களோடு சேர்ந்து ஆராய்ந்தார். சீரியம் என்னும் தனிமத்தின் உப்பைக் கொண்டு கொலாஜனில் வினைபுரியும் இடங்களைத் தோற்றுவித்தனர். அவ்விடங்களிலிருந்து செயற்கைத் தொடர்கள் முளைத்து வளருமாறு செய்தனர். ஒட்டு எவ்விடத்தே நிகழ்கிறது என்பதையும் நுணுகி ஆராய்ந்து, 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலக ஆய்விதழ்களில் வெளியிட்டனர். இவ்வாறு பிறந்த பொருளை ஒட்டுப்பல்லுறுப்பி என்று கூறலாம். தோலின் தளர்ந்த பகுதிகளை நிரப்பி உறுதி தரவும், நீரை எதிர்க்கும் ஆற்றலைக் கூட்டவும் இத்தகைய வேதியியல் மாற்றம் வழிகாட்டுவதாயிற்று.

கோர்ஃபாமின் வாழ்வு நீடிக்கவில்லை. தோற்செருப்பு அணிய அணியக் காலின் வடிவுக்கு இணங்கும்; வியர்வையை உறிஞ்சும். கோர்ஃபாமோ காலுக்கு இணங்கவில்லை. அதனால் 1971-ஆம் ஆண்டு டூபான்ட் நிறுவனம் அதன் ஆக்கத்தை நிறுத்திவிட்டது. எனினும் செயற்கைத் தோல் ஆராய்ச்சி அத்துடன் ஓயவில்லை. பாலியூரித்தேன் போன்ற பல்லுறுப்பிகளில் நுண்துளைகள் அமைத்தும், நீரை விரும்பும் வேதியியற் கூறுகளை இணைத்தும், வியர்வையை ஏற்கும் வண்ணம் அதனைத் திருத்த அறிஞர்கள் முயன்று வருகின்றனர். இயற்கைத் தோலைச் செயற்கைப் பொருளால் திருத்துவதும், செயற்கைத் தோலை இயற்கையின் பண்புக்கேற்ப மாற்றுவதும் ஒரே அறிவின் இருவேறு பயன்கள் என்க.

தொழிலாளர்க்கு ஆற்றிய தொண்டு

ஆய்வுக்கூடத்துள் அடங்கிக்கிடக்கும் அறிவு நாட்டுக்குப் பயன்படாது என்பதே நாயுடம்மாவின் கொள்கை. ஆதலின் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் கதவுகளைத் தொழில் செய்வோர்க்குத் திறந்துவைத்தார். பதனிடுவோர் தம் இடர்ப்பாடுகளைக் கொண்டுவந்து கூறினர். அறிஞர்கள் அவர்தம் தொட்டிகளுக்கே சென்று தீர்வு தேடினர். இறந்த கால்நடைகளின் தோலைச் சேதமின்றி உரிக்கவும், உப்பிட்டுக் காக்கவும் சிற்றூர்த் தொழிலாளர்க்குப் பயிற்சி தரப்பட்டது. தாழ்வாகக் கருதப்பட்ட கைகளில் கருவியும் அறிவும் சேர்ந்தால் தாழ்வு அகலும் என அவர் நம்பினார்.

அந்நாளில் நாம் அரைகுறையாகப் பதனிட்ட தோலையே மிகுதியாக ஏற்றுமதி செய்தோம். பிற நாட்டார் அதனை வாங்கி மெருகேற்றிச் செருப்பும் பையும் ஆக்கிப் பன்மடங்கு விலைக்கு விற்றனர். உழைப்பின் பெரும்பகுதி நமதாகவும் ஊதியத்தின் பெரும்பகுதி அவர்களுடையதாகவும் இருந்த இந்நிலை மாற வேண்டும் என்பது நெடுநாளைய கோரிக்கை. 1970-களில், சீதாராமய்யா குழுவின் பரிந்துரையை ஒட்டி, முழுதும் பதனிட்ட தோலையும் தோற்பொருள்களையும் ஏற்றுமதி செய்யும் கொள்கையை அரசு மேற்கொண்டது. அம்மாற்றத்தைத் தாங்கி நிற்கும் தொழில்நுட்ப வலிமை நம்மிடம் இருந்ததற்குத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் பணி பெரிதும் காரணமாகும். ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் உலகச் சந்தையில் இடம்பெற்ற வரலாறு இதனோடு பின்னியது.

உயர்பதவிகளும் இறுதியும்

1971-ஆம் ஆண்டு நாயுடம்மா அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநரானார். அவ்வாண்டே பத்மஸ்ரீ விருதும் பெற்றார். இந்தியாவின் ஆய்வுக்கூடங்கள் பலவற்றுக்கும் தலைவராக அமர்ந்தபோதும் அவர் சிற்றூரை மறந்தாரல்லர். ஆந்திரத்துக் கரீம்நகர் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அறிவியலைக் கொண்டு கிராமங்களை முன்னேற்றும் திட்டம் ஒன்றை அவர் காலத்தில் அக்கழகம் மேற்கொண்டது. 1977-இல் அப்பொறுப்பினின்று விடுபட்டதும் அடையாற்று நிலையத்துக்கே ஆய்வாளராகத் திரும்பினார். உயர்ந்த நாற்காலியில் இருந்தவர் மீண்டும் தம் பழைய ஆய்வுக்கூடத்துக்கு வருதல் எளிதில் காணக்கூடியதன்று. 1981, 1982-ஆம் ஆண்டுகளில் டெல்லி சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார்.

1985-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், கனடாவிலிருந்து தாயகம் நோக்கி வந்த ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம், வன்முறையாளர் வைத்த குண்டினால் அயர்லாந்துக் கடற்பரப்பின்மேல் சிதறிற்று. அதிற் பயணம் செய்த 329 பேரும் மாண்டனர். அவர்களுள் நாயுடம்மாவும் ஒருவர். அப்போது அவர்க்கு வயது 62. அறிவை ஆக்கத்துக்குப் பயன்படுத்திய ஒருவர், அறிவை அழிவுக்குப் பயன்படுத்தியோரால் மறைந்தது பெருந்துயரே.

நமக்குரிய பாடம்

மாணவர்களே! நாயுடம்மா தொடங்கிய பணி இன்னும் முடிந்ததன்று. தோல் தொழில் வளர வளர, அதன் கழிவுநீர் பாலாற்றுப் படுகையின் மண்ணையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமே தலையிட்டுக் கண்டிக்க நேர்ந்தது. செயற்கைத் தோலோ மட்காது மண்ணில் தங்குகிறது. நீரையும் நிலத்தையும் கெடுக்காத முறையில் தோலையும் பல்லுறுப்பிகளையும் திருத்தி அமைக்கும் வழியைக் காண்பது வருங்கால அறிஞர்களாகிய உங்கள் கடன்.

மற்றுமொரு கடனும் உண்டு. தொழிலில் உயர்வு தாழ்வு இல்லை என்பதை ஏட்டில் எழுதினால் மட்டும் போதாது. உழவர் குடியிற் பிறந்து, பல்கலைக்கழகத்திற் பயின்ற ஒருவர், பிறர் அருவருத்த தோலைத் தம் கையால் எடுத்து ஆராய்ந்தார். அதனைக் கையாள்வோரைத் தம்மோடு ஒப்ப வைத்து எண்ணினார். உங்கள் வகுப்பில் உடன் அமர்ந்திருக்கும் தோழனின் தந்தை எத்தொழில் செய்பவராயினும், அத்தொழிலுக்குள் ஓர் அறிவு மறைந்திருக்கிறது என்று எண்ணுங்கள். நாளை பள்ளி விட்டுத் திரும்பும்போது வழியோரத்து ஆவிரைச் செடியைச் சற்றே நின்று நோக்குங்கள். அதன் பட்டையைத் தேடி உரித்த கைகளையும், அதன் துவர்ப்பை ஆராய்ந்த நாயுடம்மாவையும் ஒருங்கே நினைவுகூர்வது நம் கடமை ஆகும்.