நூலகத் தந்தை அரங்கநாதன்

இன்று நூலகத்திற்குள் நுழையும் மாணவர் அலமாரிகளுக்கு இடையே தாமே நடந்து செல்கின்றனர். விரும்பிய நூலைத் தம் கையால் எடுத்துப் புரட்டிப் பார்க்கின்றனர். நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவின் பெரும்பாலான நூலகங்களில் இவ்வுரிமை இல்லை. நூல்களைப் பூட்டிக் காப்பதே நூலகரின் தலையாய கடமை எனக் கருதப்பட்டது. அந்நிலையை மாற்றப் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர் சீ. இரா. அரங்கநாதன். 'இந்திய நூலக அறிவியலின் தந்தை' என்று போற்றப்படும் அவர், நூலகப் பணியை ஏற்ற சில நாள்களிலேயே அதைவிட்டு விலக எண்ணியவர் என்பது வியப்பிற்குரியது.

அரங்கநாதன் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தார். அவருடைய ஆறாம் வயதில் தந்தையார் இராமாமிர்தம் மறைந்தார். பள்ளி ஆசிரியராக விளங்கிய பாட்டனாரின் அரவணைப்பில் அவர் வளர்ந்தார். இளமையில் அவருக்குத் திக்கிப் பேசும் குறை இருந்தது. எனினும் அவருடைய கல்வி தடைப்படவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். ஆசிரியப் பயிற்சியும் முடித்தார். பின்னர் மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். மாணவர்களோடு கலந்து பழகிக் கற்பிப்பதிலேயே அவர் மனம் நிறைவு கொண்டது.

அக்காலத்தில் கல்லூரி ஆசிரியரின் ஊதியம் குறைவாக இருந்தது. அந்நிலையில் சென்னைப் பல்கலைக்கழகம் தனக்கு நூலகர் ஒருவரைத் தேடியது. நண்பர்களின் தூண்டுதலால் அரங்கநாதனும் விண்ணப்பித்தார். நூலகப் பணியில் அவருக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. நேர்காணலுக்கு முன்பு கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்திருந்தார், அவ்வளவே. இருந்தும் அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். 1924ஆம் ஆண்டு சனவரியில் பணியில் சேர்ந்தார்.

நூலகத்தில் அவருக்குப் பெரும் ஏமாற்றம் காத்திருந்தது. அங்கு நூல்கள் இருந்தன. வாசகர் மிகச் சிலரே வந்தனர். வகுப்பறையில் மாணவர்களின் குரல்களுக்கு நடுவே வாழ்ந்தவருக்கு நூலகத்தின் தனிமை சிறை போலத் தோன்றியது. சில நாள்களிலேயே அவர் கல்லூரி முதல்வரிடம் சென்று, தம்மைப் பழைய பணிக்கே திரும்ப அழைத்துக்கொள்ளுமாறு வேண்டினார். இலண்டனுக்குச் சென்று நூலகக் கல்வியைப் பெற்று வருமாறும், அதன் பிறகும் நூலகப் பணி பிடிக்காவிட்டால் ஆசிரியராகத் திரும்பலாம் என்றும் அவருக்கு விடை கிடைத்தது.

இலண்டனில் அரங்கநாதன் நூலகவியல் பயின்றார். அங்குள்ள நூலகங்கள் பலவற்றை நேரில் கண்டார். சிறுவரும் தொழிலாளரும் இல்லத்தரசியரும் அந்நூலகங்களில் நிறைந்திருந்தனர். அவரவருக்கு வேண்டிய நூலைத் தேடித் தருவதற்குப் பணியாளர் காத்திருந்தனர். ஆசிரியர் ஒருவர் ஒரு வகுப்பிற்கே கற்பிக்க இயலும். நல்ல நூலகர் ஊர் முழுவதற்கும் கல்வியை வழங்க இயலும் என்பதை அவர் உணர்ந்தார். சென்னையில் தாம் கண்ட வெறுமைக்குக் காரணம் நூல்கள் அல்ல, வாசகருக்கு வழி திறக்கப்படாமையே என்பதும் அவருக்குப் புலப்பட்டது. நூலகத்தை விட்டு விலகும் எண்ணம் அத்துடன் மறைந்தது.

இலண்டனில் இருந்தபோது மற்றொரு வினாவும் அவரை வாட்டியது. அறிவு நாள்தோறும் வளர்கிறது; புதிய பொருள்களைப் பற்றிப் புதிய நூல்கள் பிறக்கின்றன. முன்கூட்டியே வகுக்கப்பட்ட பிரிவுகளில் அவற்றை எவ்வாறு அடக்குவது? ஒருநாள் இலண்டன் கடை ஒன்றில் பொம்மை செய்யும் கருவித் தொகுதி ஒன்றை அவர் கண்டார். துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணிகளால் இணைத்து, அதே துண்டுகளைக் கொண்டு ஒருமுறை வண்டியும் மறுமுறை பளுதூக்கியும் செய்து காட்டினர். அக்காட்சி அவருடைய வினாவிற்கு விடை தந்தது.

ஒரு நூலின் பொருளையும் அவ்வாறே சிறு கூறுகளாகப் பிரிக்கலாம். தேவைக்கேற்ப அவற்றை மீண்டும் இணைக்கலாம். நெற்பயிரைத் தாக்கும் நோயும் அதன் தடுப்பும் பற்றிய நூல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பயிர், நோய், தடுப்பு என்னும் கூறுகளுக்குத் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. அவற்றை இணைத்தால் அந்நூலுக்குரிய எண் கிடைக்கும். பொம்மையில் திருகாணி செய்த வேலையை இங்கே முக்காற்புள்ளி செய்தது. அதனால் இம்முறை கோலன் பகுப்புமுறை எனப் பெயர் பெற்றது. அதனை விளக்கும் நூல் 1933ஆம் ஆண்டு வெளிவந்தது. கணித ஆசிரியராக அவர் பெற்ற பயிற்சி இங்குப் பெரிதும் பயன்பட்டது.

1925ஆம் ஆண்டு சென்னைக்குத் திரும்பிய அரங்கநாதன், நூலகத்தை வாசகருக்கு உரியதாக மாற்றத் தொடங்கினார். அலமாரிகளைத் திறந்துவிட்டார். நூலகம் இயங்கும் நேரத்தை நீட்டித்தார். வாசகரை அணுகி, அவர்களுடைய தேவையைக் கேட்டறிந்து உதவுவது நூலகரின் கடமை என்று பணியாளர்க்குக் கற்பித்தார். நாள் முழுதும் உழைத்தார். வெறிச்சோடிக் கிடந்த நூலகத்தை நோக்கி வாசகர் வரத் தொடங்கினர்.

1928ஆம் ஆண்டு சென்னை நூலகச் சங்கம் தோன்றுவதற்கு அவர் துணை நின்றார். 1931ஆம் ஆண்டு நூலக அறிவியலின் ஐந்து விதிகளை விளக்கும் நூலை வெளியிட்டார். நூல்களின் பயன் அவற்றைப் படிப்பதில்தான் இருக்கிறது என்பது அவற்றுள் முதல் விதியின் கருத்து. ஒவ்வொருவருக்கும் ஏற்ற நூல் கிடைக்கவேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் அமையவேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் உயிருள்ள பொருள் போல வளர்ந்துகொண்டே இருக்கும் என்பன மற்ற விதிகளின் கருத்துகள். உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் இன்றும் இவற்றைப் பயில்கின்றனர்.

நூலகத்திற்கு வர இயலாதவரையும் அவர் மறக்கவில்லை. 1931ஆம் ஆண்டு மன்னார்குடிக்கு அருகே மாட்டுவண்டி நூலகம் ஒன்று தொடங்கப்பட்டது. நூல்களை ஏற்றிய அவ்வண்டி ஊர் ஊராகச் சென்றது. தனி மனிதரின் ஆர்வத்தை மட்டும் நம்பி நூலகங்கள் நிலைக்கமாட்டா. சட்டத்தின் துணையும் வேண்டும் என்று அரங்கநாதன் கருதினார். 1930ஆம் ஆண்டிலேயே அதற்கான மாதிரிச் சட்டத்தை வகுத்தார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அதுவே.

அவருடைய பணி சென்னையோடு நின்றுவிடவில்லை. டாக்டர் இராதாகிருஷ்ணனின் அழைப்பை ஏற்று, 1945ஆம் ஆண்டு பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கிருந்த ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களைத் தாமே வகைப்படுத்தினார். 1947இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, நூலகவியல் கல்வியை ஆய்வுப் பட்டம் வரை உயர்த்தினார். 1962ஆம் ஆண்டு பெங்களூரில் ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவினார். சீர்காழியில் பிறந்த அவர், சென்ற ஊர்களிலெல்லாம் மாணவர்களையும் நூலகங்களையும் வளர்த்தார்.

1957ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1965இல் இந்திய அரசு அவரைத் தேசிய ஆய்வுப் பேராசிரியராக அமர்த்தியது. எளிய உடையும் எளிய உணவுமே அவருக்குப் போதுமானவையாக இருந்தன. தம் உழைப்பால் சேர்த்த ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கி, மனைவி சாரதாவின் பெயரால் நூலகவியல் பேராசிரியர் இருக்கை அமையச் செய்தார்.

1972ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூரில் அரங்கநாதன் மறைந்தார். அவர் நினைவாக ஆகஸ்டு 12ஆம் நாள் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. நூல்களை விரும்புவோர் பலர், தாம் படித்து மகிழ்வதோடு நிறைவடைவர். அரங்கநாதனோ பிறர் படிப்பதைக் கண்டு மகிழ்ந்தார். வாசகர் இல்லாத நூலகத்தைக் கண்டு வருந்திய அந்த ஆசிரியர், வாசகர் நிறைந்த நூலகங்களை நாட்டிற்கு விட்டுச்சென்றார்.

பயிற்சி

1. அரங்கநாதன் நூலகப் பணியை விட்டு விலக எண்ணியது ஏன்?
2. இலண்டன் கடையில் கண்ட காட்சி அவருக்கு எவ்வாறு உதவியது?
3. ஐந்து விதிகளின் கருத்துகளை உம் சொந்த நடையில் எழுதுக.
4. உம் பள்ளி நூலகத்தில் யாரும் எடுத்துப் படிக்காத நூல் ஒன்றைத் தேடிப் படித்து, அது யாருக்கு ஏற்றது என்பதைக் காரணத்துடன் எழுதுக.