மௌனத்தின் யோவான்

சொல்லின் ஆற்றலையும் அதன் எல்லையையும் தம் வாழ்வையே விலையாகக் கொடுத்து ஆராய்ந்த மேனாட்டு ஞானியருள் ஒருவர், டென்மார்க்கு நாட்டுச் சோரன் கீர்க்ககார்ட். இவர் 1813-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள், கோப்பன்ஹேகன் நகரத்துக் கம்பளி வாணிகர் ஒருவர்க்கு ஏழாம் மகவாகத் தோன்றினார். தந்தையார் இளமையில் ஜட்லாந்துப் பொட்டலிலே ஆடு மேய்த்தவர். பசியும் குளிரும் பொறாது ஒரு நாள் குன்றின்மீதேறிக் கடவுளைச் சபித்தார். அவ்வொரு சொல் முதுமையளவும் அவரை வருத்தியது, மைந்தரையும் பற்றியது.

1841-இல் இவர் பட்டத்திற்காகச் சாக்கிரட்டீசின் முரண்நகையைப்பற்றி ஓர் ஆராய்ச்சி எழுதினார். அக்காலத்து விதி, இலத்தீனில் எழுதவேண்டுமென்பது. இவரோ அரசர்க்கு விண்ணப்பஞ் செய்து, தாய்மொழியிலேயே எழுத இசைவு பெற்றார். வாய்மொழித் தேர்வுமட்டும் இலத்தீனில் நடந்தது. தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் நமக்கு இச்செய்தி தேனாய் இனிக்கின்றது. இசைவளித்த எட்டாம் கிறிஸ்தியான் மன்னரே 1845-இல் நம் தரங்கம்பாடியை ஆங்கிலக் கும்பினியார்க்கு விற்றவர்.

அதே 1841-இல் ரெகீனே ஒல்சன் என்னும் நங்கைக்கு அளித்த மண உறுதியையும் முறித்தார். காரணத்தை அவட்கு விளங்க உரைத்தாரில்லை. பின்னர் நூல்கள் பெருகின. பலவற்றிற்குப் புனைபெயர்களே சூட்டினார். உண்மையை நேரே உரைத்தால் கேட்போன் அதனைச் செய்தியாகக் கொண்டு செல்வானேயன்றித் தன் வாழ்வாக ஆக்கிக்கொள்ளான் என்பது இவர் துணிபு. 1843-இல் வெளிவந்த 'பயமும் நடுக்கமும்' என்னும் நூலின் ஆசிரியர் பெயர், மௌனத்தின் யோவான் எனப் பொருள்படும். மொழி யாவர்க்கும் பொது. மோரியா மலைக்குச் சென்ற ஆபிரகாம் பெற்ற கட்டளையோ அவர் ஒருவர்க்கே உரியது. ஆதலின் சாராளுக்கும் அவர் தம் உள்ளத்தை விளக்கக்கூடவில்லை என்கின்றது அந்நூல். ஆபிரகாமின் மௌனம் நமக்கு விளங்குகின்றது. ரெகீனேயிடம் இவர் காத்த மௌனத்தை நாம் ஒப்புகிலேம். அப்பெண்ணுக்கு ஒரு மறுமொழி உரியதாயிருந்தது.

1846-இல் எழுதிய ஒரு நூல்மதிப்புரையிலே வீண்பேச்சை ஆராய்ந்தார். மௌனமாயிருக்க அறிந்தவனே உண்மையாகப் பேசவும் வல்லன். வீண்பேச்சுக்காரனுக்குப் பேச்சுமில்லை, மௌனமுமில்லை என்பது அதன் கருத்து. பிளவக்கல் அணை திறக்கும் நாளைக்குறித்து எங்கள் பக்கத்துத் தேநீர்க்கடைகளில் நடக்கும் பேச்சுக்கு அளவில்லை; நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கும் உழவன்மட்டும் வாளா மலையையே நோக்கியிருப்பான். இந்நூலைப் பயின்றபோது அவன் முகமே நம் நினைவுக்கு வந்தது. செருமானிய ஞானி ஹைடெக்கர் 1927-இல் வெளியிட்ட பெருநூலில் வீண்பேச்சையும் மௌனத்தையும்பற்றி எழுதிய பகுதிகளைக் கற்போர், இவர் சாயலைக் காண்பர்.

அதே 1846-இல் ஒரு கேலிப் பத்திரிகை இவருடைய காற்சட்டையையும் நடையையும் படமாக வரைந்து இகழ்ந்தது. தெருவிலே சிறுவரும் நகைத்தனர். இறுதி ஆண்டில் அரசாங்கத் திருச்சபையை வெளிப்படையாகவே கடிந்தெழுதினார். புனைபெயர் அப்போது வேண்டியிருக்கவில்லை. 1855-ஆம் ஆண்டு அக்டோபரில் தெருவிலே சோர்ந்து விழுந்து, நவம்பர் 11-ஆம் நாள், 42-ஆம் அகவையில், மருத்துவமனையில் உயிர் நீத்தார்.

தம் உடைமை யாவும் ரெகீனேக்கே என எழுதி வைத்திருந்தார். அப்பொழுது வேறொருவர்க்கு மனைவியாய், மேற்கிந்தியத் தீவிலிருந்த அவ்வம்மையார் செல்வத்தை வேண்டாவென்று மறுத்து, தம் கடிதங்களையும் சில சிறு பொருள்களையுமே பெற்றுக்கொண்டார்.