பழைய 'பிங்க்' நிப்புக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? வாட்டர்மேன் யார்?

பழைய ஃபவுண்டன் பேனா சேகரிப்பவர்கள் மூடியைக் கழற்றியதும் முதல்ல பார்ப்பது நிப்பைத்தான். 'பிங்க்' என்று பொறித்த வாட்டர்மேன் தங்க நிப் கிடைத்தால் பெரிய அதிர்ஷ்டம். லேசாக அழுத்தினால் விரிந்து தடிமனாகவும், விட்டால் மெலிதாகவும் எழுதும் நிப் அது.

ஆனா, லூயிஸ் எட்சன் வாட்டர்மேனுக்குப் பெயர் வாங்கித் தந்தது நிப் இல்லை. அதற்கு அடியில் இருக்கும் கட்டை.

1837-ல் நியூயார்க் மாகாணத்தில் பிறந்த இவர், இன்சூரன்ஸ் விற்றவர். ஒப்பந்தத் தாளில் இங்க் கொட்டி வாடிக்கையாளரை இழந்ததால்தான் பேனா செய்ய இறங்கினார் என்ற கதை ரொம்பப் பிரபலம். ஆனால் அவர் காலத்து ஆவணம் எதுவும் அதை உறுதி செய்யவில்லை.

சரி, உண்மையில் என்ன செய்தார்?

அன்றைய ஃபவுண்டன் பேனாக்கள் திடீரென இங்க்கைக் கக்கும். இல்லாட்டி எழுதாமல் நின்றுவிடும். இங்க் வெளியே வர வர, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். அப்போதுதான் ஓட்டம் சீராக இருக்கும். வாட்டர்மேன் கட்டையில் மெல்லிய கீறல்கள் போட்டு இதைச் சரிசெய்தார். 1884 பிப்ரவரி 12-ல் காப்புரிமை கிடைத்தது.

1901-ல் அவர் இறந்தார். நிறுவனத்தை ஃபிராங்க் வாட்டர்மேன் வளர்த்தார். 'பிங்க்' நிப் வந்தது 1920-களில்தான். இன்று பலரும் தேடும் அந்த நிப்பை வாட்டர்மேன் பார்த்ததே இல்லை.

ஆனாலும் அரிய நிப் தேடுபவர்கள் அவரை மறக்க முடியாது. எவ்வளவு அபூர்வமான நிப்பாக இருந்தாலும், கட்டை சரியாகப் பொருந்தாவிட்டால் ஒரு வரிகூட ஒழுங்கா எழுதாது.