நம்ம வயசில் ஒரு வள்ளியம்மை



தலைவர் என்றதும் நம் கண்முன் வருவது என்ன? மேடை, மாலை, மைக் செட்! ஒரு பதவி கிடைத்தால்தான் நாலு பேருக்கு நல்லது செய்ய முடியும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பதவியும் இல்லை, மேடையும் இல்லை. நாம் பத்தாவது முடித்து டிப்ளமோ சேருகிறோமே, அந்த வயசுதான். அந்த வயசிலேயே பிறருக்காகச் சிறைக்குப் போன ஒரு பெண்ணைப் பற்றித்தான் இந்த மலரில் எழுத வந்தேன். அவர் தில்லையாடி வள்ளியம்மை.

சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். தீபாவளிக்குத் துணி எடுக்க அங்கே போகிற நாம், அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பதினாறு வயதுப் பெண் இருப்பதை நினைத்துப் பார்த்திருக்கிறோமா?

வள்ளியம்மை 1898-ஆம் ஆண்டு பிப்ரவரி 22 அன்று தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தை முனுசாமி முதலியார், தாய் மங்களம். குடும்பத்தின் வேர் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் உள்ள தில்லையாடி. ஆனால் வள்ளியம்மை வளர்ந்ததெல்லாம் கடல் கடந்த மண்ணில்.

நம்மவர்கள் அங்கே போனது எப்படி? 1860-இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் நேட்டாலுக்குப் போனது. அதிலிருந்து தொடங்கி ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் கப்பலாகப் போனார்கள். கரும்புத் தோட்டத்திலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் மாடாய் உழைத்தார்கள். ஒப்பந்தம் முடிந்து அங்கேயே சுதந்திரமாக வாழ நினைத்தவர்கள் மீது 1895-இல் ஒரு சட்டம் வந்து விழுந்தது. ஆளுக்கு வருஷத்துக்கு 3 பவுண்டு தலைவரி! 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங். கூலியோ மாதம் 14 ஷில்லிங்குக்கு மேல் போகாது. நாலு மாதக் கூலி ஒருத்தர் வரிக்கே சரியாய்ப் போய்விடும். ஆண் பிள்ளைக்கு 16 வயதும் பெண் பிள்ளைக்கு 13 வயதும் தாண்டினால் அவர்களுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். ஒரு வீட்டில் நாலு பேர் இருந்தால் கதி என்ன? கணக்குப் போட்டுப் பாருங்கள்!

1913 மார்ச்சில் இன்னொரு இடி விழுந்தது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்பதுபோல் கேப் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தாலி கட்டிய மனைவிக்கே சட்டத்தில் இடமில்லை! அதுவரை வீட்டுக்குள் இருந்த பெண்கள் காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார்கள். அவர்களில் முன்னால் நின்றவர்கள் தமிழ்ப் பெண்கள் என்பது நமக்குப் பெருமை.

அக்டோபரில் டிரான்ஸ்வால் பெண்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டி நேட்டாலுக்குள் போனார்கள். நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களிடம் அந்த வரியின் அநியாயத்தைப் பேசினார்கள். வேலைநிறுத்தம் காட்டுத்தீயாய்ப் பரவியது. போன பெண்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். உடனே அடுத்த குழு கிளம்பியது. அதில் தாய் மங்களத்தோடு மகள் வள்ளியம்மையும் இருந்தார். அப்போது வயசு 15!

இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நின்று யோசித்தேன். அந்த 3 பவுண்டு வரி நேட்டாலில் இருந்த முன்னாள் கூலிகள் மீது போட்டது. ஜோகன்னஸ்பர்க் வள்ளியம்மை அதைக் கட்ட வேண்டியவரே அல்ல. பேசாமல் வீட்டில் இருந்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? ஆனாலும் தன் வயசுப் பெண்கள் தலையில் விழுந்த வரியைத் தன் மேல் விழுந்ததாகவே எடுத்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய்த் தொழிலாளர்களைச் சந்தித்த குழுவோடு நடந்தார்.

1913 டிசம்பரில் தாய்க்கும் மகளுக்கும் மூன்று மாதக் கடுங்காவல். மாரிட்ஸ்பர்க் சிறை. சத்தியாக்கிரகப் பெண்களுக்கு அங்கே துணி வெளுக்கும் வேலை. சாப்பாடோ வாயில் வைக்க முடியாதது. கொஞ்ச நாளிலேயே வள்ளியம்மைக்குக் கடும் காய்ச்சல். உடம்பு முடியவில்லை என்பதால் முன்கூட்டியே விடுதலை செய்கிறோம் என்று சிறை அதிகாரிகள் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். அவர் வாயில் எத்தனையோ வீர வசனங்களை ஏற்றிப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவை எதுவும் வேண்டாம், நண்பர்களே. அந்த ஒரு மறுப்பே போதும்!

1914 பிப்ரவரியில் வெளியே வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். காந்தியடிகள் வந்து பார்த்தார். அதே மாதம் 22-ஆம் தேதி, பதினாறு வயது நிறைந்த அன்றே, உயிர் பிரிந்தது.

சில மாதங்களில், 1914-இலேயே, இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. 3 பவுண்டு வரி ஒழிந்தது. நம்மவர் திருமணங்களுக்கும் அங்கீகாரம் கிடைத்தது. அதைப் பார்க்க வள்ளியம்மை இல்லை. 1909-இல் பதினெட்டு வயதில் உயிர் தந்த நாகப்பனுக்கும் வள்ளியம்மைக்கும் ஜோகன்னஸ்பர்க் இடுகாட்டில் எழுப்பிய நினைவுக் கற்களின் திறப்பில் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பும் முன் கலந்துகொண்டார். 1915-இல் தில்லையாடிக்கும் வந்துபோனார். 2008-இல் இந்திய அரசு வள்ளியம்மைக்குத் தபால்தலை வெளியிட்டது.

தோழர்களே, தோழிகளே! நம் வகுப்பிலேயே பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாமல் தவிக்கிறவன் இருப்பான். வீட்டில் படிப்பை நிறுத்தச் சொன்னதால் அழுகிற தோழி இருப்பாள். அது அவங்க பிரச்னை, நமக்கென்ன என்று போவதுதான் சுலபம். வள்ளியம்மைக்கும் அந்த வழி திறந்தேதான் இருந்தது, அதுவும் இரண்டு தடவை. ஒருமுறை வீட்டு வாசலில், இன்னொருமுறை சிறை வாசலில். இரண்டு தடவையும் அவர் அந்த வழியில் போகவில்லை.

பேரவையில் பதவி ஏழெட்டுப் பேருக்குத்தான் கிடைக்கும். அடுத்தவன் சுமைக்குத் தோள் கொடுக்க எந்தத் தேர்தலும் தேவையில்லை!