அளவை வகுத்த மருத்துவர்
வில்லியம் வித்தரிங்கின் வாழ்க்கை

மருந்தையும் நஞ்சையும் பிரித்து நிற்கும் வேலி பல வேளைகளில் அளவு ஒன்றேயாகும். அளவு கடந்தால் அமிழ்தமும் நஞ்சாகும் என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஆயின், ஓர் உண்மையைப் பழமொழியாக அறிந்திருப்பது வேறு. நோயாளியின் படுக்கையருகே அமர்ந்து, இம்மருந்து இவருக்கு எவ்வளவு, எத்தனை வேளை, எந்தக் குறி தோன்றியதும் நிறுத்தவேண்டும் என்று வரையறுத்துச் சொல்வது வேறு. ஒரேயொரு மூலிகையைப் பற்றி அவ்வாறு சொல்வதற்குப் பத்தாண்டுகளைச் செலவிட்டவர் வில்லியம் வித்தரிங் என்னும் ஆங்கில மருத்துவர். மருந்தியல் தனியொரு கலையாக உருப்பெறுவதற்கு முன்னரே அக்கலையின் உயிர்நிலையைத் தொட்டவர் அவர். அவருடைய வாழ்க்கை மருத்துவம் பயிலாதாரும் அறியத்தக்கது.

இளமையும் கல்வியும்

வித்தரிங் 1741ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயர் பகுதியிலுள்ள வெலிங்டன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் மருந்து கூட்டி வழங்குபவர். இரண வைத்தியமும் செய்தவர். அக்குடும்பத் தொழிலைப் பின்பற்றிய மைந்தர் 1762இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து 1766இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அக்காலத்து மருந்துகளிற் பெரும்பாலானவை செடிகொடிகளிலிருந்தே கிடைத்தமையால், மருத்துவ மாணவர் தாவரவியலையும் பயிலவேண்டியிருந்தது. வித்தரிங்குக்கோ அப்பாடம் சிறிதும் சுவைக்கவில்லை.

வெறுத்த கலையை விரும்பும் கலையாக மாற்றியது அன்பு. ஸ்டாபோர்ட் நகரில் வைத்தியம் பார்த்த நாட்களில், எலெனா குக்ஸ் என்னும் மங்கையின் நோய்க்கு அவர் மருந்து கொடுத்தார். அம்மங்கை மலர்களை ஓவியமாகத் தீட்டுவதில் வல்லவர். அவருக்காக வயல்களிலும் வேலியோரங்களிலும் பூக்களைத் தேடிக் கொணர்ந்த மருத்துவர், நாளடைவிற் செடிகளின் இயல்பை நுணுகி ஆராயலானார். 1772இல் இருவரும் மணம் புரிந்தனர். நான்கு ஆண்டுகளின் பின், பிரித்தானியத் தாவரங்களை வகைப்படுத்திக் கூறும் பெருநூலொன்றை வித்தரிங் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். பூப்பறிக்கச் சென்ற வழியிற் பெற்ற அந்த அறிவே பின்னர் பல்லாயிரம் உயிர்களுக்குத் துணையாயிற்று.

1775இல் மருத்துவர் எராஸ்மஸ் டார்வின் அழைத்ததன்பேரில் வித்தரிங் பேர்மிங்ஹாம் நகருக்குக் குடிபெயர்ந்தார். நீராவிப் பொறியைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட், இரசாயன அறிஞர் ஜோசப் பிறீஸ்லி முதலியோர் பூரணையை ஒட்டிய நாட்களிற் கூடி அறிவியல் பேசிய திங்கட் சங்கத்தில் அவரும் ஓர் உறுப்பினரானார்.

முதியவளின் இரகசியம்

அதே 1775இல், உடலில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு வழங்கப்பட்ட ஒரு குடும்ப மருந்தைப் பற்றி அவருடைய கருத்தைச் சிலர் கேட்டனர். ஷ்ரொப்ஷயரில் ஒரு முதியவள் அதனை நெடுங்காலம் இரகசியமாக வைத்திருந்தாள். படித்த மருத்துவர் கைவிட்ட நோயாளர் சிலர் அவளிடம் சென்று குணமடைந்ததும் உண்டு. அம்மருந்து கடும் வாந்தியையும் பேதியையும் உண்டாக்கிற்று. வாந்தியும் பேதியுமே நோயைப் போக்கின என்று கண்டோர் எண்ணினர். சிறுநீர் பெருகி வீக்கம் வடிந்ததை எவரும் பொருட்படுத்தவில்லை.

இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் கலந்த அக்கூட்டுமருந்தில், வினைபுரியும் பொருள் யாது? தாவரவியல் கற்ற கண்ணுக்கு அது எளிதிற் புலனாயிற்று. ஐரோப்பியக் காடுகளிலும் மேட்டு நிலங்களிலும் ஊதா நிற மலர்களைத் தொங்கவிட்டு நிற்கும் பொக்ஸ்குளோவ் என்னும் செடியே அது. மலர் கையுறையின் விரல் போன்றிருப்பதனால், விரலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று டிஜிற்றாலிஸ் என்னும் பெயரும் அதற்கு உண்டு. அது நச்சுச் செடி என்பதை மக்கள் முன்னரே அறிந்திருந்தனர்.

அந்த முதியவளின் பெயரை வித்தரிங் தம் நூலிற் குறிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் விளம்பரத்துக்காகத் தீட்டப்பட்ட ஓர் ஓவியம் அவளுக்கு ஒரு பெயரைச் சூட்டியது, அது கற்பனையே.

தவறும் திருத்தமும்

வித்தரிங் நாள்தோறும் ஏழைகளுக்குக் கட்டணமின்றி வைத்தியம் பார்த்துவந்தார். டிஜிற்றாலிஸை அவர் முதன்முதல் வழங்கியதும் அவர்களுக்கே. சிறுநீரைப் பெருக்குவதில் அதன் ஆற்றல் பெரிதென்று விரைவிற் கண்டார். ஆனால், தொடக்கத்தில் அவர் கொடுத்த அளவு மிக அதிகம். கொடுத்த காலமும் மிக நீண்டது. நரிவெங்காய இனத்தைச் சேர்ந்த ஒரு கிழங்கு, குமட்டலை உண்டாக்கும்போதே சிறுநீரையும் நன்கு பெருக்கும் என்பது அக்கால மருத்துவர் கண்ட அனுபவம். இச்செடியும் அவ்வாறே செயற்படும் என்று கருதி, குமட்டல் வரும்வரை அவர் மருந்தைத் தொடர்ந்தார். இரண்டு மருந்துகள் ஒரே பயனைத் தருவதனால் அவை ஒரே வழியிற் செல்லும் என்று எண்ணியதே பிழை. அப்பிழையின் துன்பத்தைச் சுமந்தோர் வசதியற்ற நோயாளர் என்பதை நாம் மறத்தலாகாது, அவரும் மறைக்கவில்லை.

பின்னர் அவர் ஒவ்வொன்றாகத் திருத்தினார். வேரின் வீரியம் பருவத்துக்குப் பருவம் மாறுவதனால் அதனை விடுத்து இலையையே கொண்டார். இலையிலும் செடி பூக்கும் பருவத்தில் எடுத்ததையே தேர்ந்தார். கொதிக்கவைத்துக் கியாழமாக்கினால் வீரியம் கெடும் என ஐயுற்று, உலர்த்தி இடித்த தூளையும், வெந்நீரில் ஊறவைத்து வடித்த ஊறல்நீரையும் கையாண்டார். தூளின் அளவை, வளர்ந்தவருக்கு ஒரு வேளைக்கு 1 முதல் 3 கிரேனாக, நாளுக்கு இருவேளை என வகுத்தார். ஒரு கிரேன் ஏறக்குறைய 65 மில்லிகிராம். நம் வைத்தியர் நிறுக்கும் குன்றிமணியிற் பாதியளவு.

அளவினும் சிறந்தது அவர் வகுத்த விதி. சிறுநீர், வயிறு, நாடி, குடல் ஆகிய நான்கில் எதிலேனும் மருந்தின் செயல் வெளிப்படும்வரை கொடுக்கலாம். முதற்குறி தோன்றிய அப்போதே நிறுத்திவிடவேண்டும். குமட்டல் மருந்துண்டு பல மணி நேரம் கழிந்த பின்னரே தோன்றக்கூடும் என்பதை அவர் கவனித்திருந்தார். மிகையானால் பார்வை குழம்பிப் பொருள்கள் பச்சையாகவும் மஞ்சளாகவும் தோன்றும். நாடி நிமிடத்துக்கு 35 வரை தாழும். மூர்ச்சையும் மரணமும் நேரும் என்றும் குறித்துவைத்தார்.

உடலினுள் நிகழ்வது

இவ்விதியின் காரணம் அவருக்குத் தெரியாது. இன்றைய அறிவு அதனை விளக்குகின்றது. வாய்வழி உட்கொண்ட மருந்து குடலில் உறிஞ்சப்பட்டுக் குருதியிற் கலக்கின்றது. குருதி அதனை இதயத்துக்கும் தசைகளுக்கும் பிற உறுப்புகளுக்கும் கொண்டு செல்கின்றது. ஈரல் சில மருந்துகளை உருமாற்றுகின்றது. சிறுநீரகம் கழிவை வெளியேற்றுகின்றது. வாய்க்கால்வழி நீர் வந்துசேர, மதகுவழி நீர் கழியும் குளத்தை இதற்கு ஒப்பிடலாம். கழிவது குறைந்து வருவது மிகுமாயின், நாள்தோறும் வரும் நீர் சிறிதாயினும் குளம் ஒருநாள் அணையை உடைக்கும்.

வித்தரிங் கையாண்ட செடியின் முதன்மையான மருந்துப்பொருள் டிஜிற்றொக்சின். உடலில் உள்ள அதன் அளவு பாதியாகக் குறைவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் செல்லும். ஆகவே, இன்று உண்டதன் பெரும்பகுதி நாளையும் உடலில் நிற்கும். நாளை உண்பது அதனோடு சேரும். குமட்டல் தோன்றும்வரை கொடுத்தால் குளம் முன்னரே நிரம்பிவிடும். முதற்குறியோடு நிறுத்தினால், உடலில் தேங்கியிருப்பதே எஞ்சிய பணியைச் செய்து முடிக்கும். இந்தத் தேக்கத்தை அளக்கக் கருவி எதுவுமின்றி, நோயாளியின் நாடியையும் முகத்தையும் பார்த்தே வித்தரிங் உணர்ந்துகொண்டார்.

ஒரு செய்தியில் மட்டும் அவர் முழு உண்மையை எட்டவில்லை. மருந்து சிறுநீரகத்தை நேரே தூண்டுகின்றது என்றே அவர் கருதினார். எனினும், இதயத்தின் இயக்கத்தின்மீது வேறெம்மருந்துக்கும் காணாத ஆற்றல் இதற்கு உண்டென்றும் எழுதிவைத்தார். உண்மையில், இதயத் தசை உயிரணுக்களிற் சோடியத்தை வெளியேற்றிப் பொற்றாசியத்தை உள்ளெடுக்கும் இயக்கத்தை இம்மருந்து தடுக்கின்றது. அதன் விளைவாக உயிரணுவினுட் கல்சியம் மிகுந்து, இதயம் வலிமையோடு சுருங்குகின்றது. தளர்ந்த இதயம் தேறும்போது சிறுநீரகத்துக்குக் குருதி நன்கு பாய்ந்து, தேங்கிய நீர் வடிகின்றது.

நூலும் பூசலும்

1780இல் எராஸ்மஸ் டார்வின், காலஞ்சென்ற தம் மைந்தரின் ஆய்வுரையை அச்சிட்டபோது இம்மருந்தைப் பற்றிய குறிப்புகளையும் சேர்த்தார். அவற்றுள் ஒன்று, வித்தரிங்கும் தாமும் சேர்ந்து பார்த்த நோயாளியைப் பற்றியது. எனினும் வித்தரிங்கின் பெயர் அதில் இடம்பெறவில்லை. அழைத்து வாழ்வு தந்தவருடன் கொண்ட நட்பு அத்துடன் கசந்தது.

ஆயினும், வித்தரிங்கை எழுதத் தூண்டியது புகழ்ப் போட்டி மட்டுமன்று. மருந்தின் பெயர் நாடெங்கும் பரவிற்று, அளவு பரவவில்லை. அளவறியாது கொடுப்போரால் நோயாளர் மடிவர். பின்னர் மருந்தே கொடியதென்று ஒதுக்கப்படும். இரண்டும் நிகழுமென்று அவர் அஞ்சினார். ஆகவே 1785இற் பொக்ஸ்குளோவ் பற்றிய தம் நூலை வெளியிட்டார். பத்தாண்டுகளில் தாம் மருந்து கொடுத்த 160க்கும் மேற்பட்ட நோயாளரின் வரலாறுகளை அதில் ஆண்டு முறைப்படி அடுக்கினார். குணமானோரை மட்டும் தேர்ந்தெடுத்துக் காட்டியிருந்தால் அவர் புகழ் இன்னும் ஓங்கியிருக்கும். அதை அவர் செய்யவில்லை. பயன்பெறாதோரும் இறந்தோரும் தம்முடைய தொடக்ககாலப் பிழைகளும் அந்நூலில் அப்படியே இடம்பெற்றன.

இறுதி நாட்கள்

1791இல் பேர்மிங்ஹாமிற் கலகம் மூண்டு பிறீஸ்லியின் வீடு எரிக்கப்பட்டபோது, வித்தரிங்கின் இல்லமும் அச்சுறுத்தலுக்கு உள்ளாயிற்று. படை வந்து சேர்ந்தமையால் அது தப்பியது. அதற்கு முன்னரே நெஞ்சு நோய் அவரைப் பற்றியிருந்தது. இரண்டு குளிர்காலங்களை லிஸ்பன் நகரிற் கழித்தும் நோய் தீரவில்லை. 1799ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 6ஆந் திகதி, தமது 58ஆவது வயதில் அவர் காலமானார். எட்ஜ்பாஸ்டன் தேவாலயத்திலுள்ள அவருடைய நினைவுக்கல்லில் பொக்ஸ்குளோவ் செதுக்கப்பட்டுள்ளது.

அவர் அஞ்சியது பொய்யாகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவருடைய எச்சரிக்கையை மறந்து, பொருந்தாத நோய்களுக்கெல்லாம் மிகையான அளவில் இம்மருந்தை வழங்கியோர் பலர். 1930இல் சிட்னி சிமித் என்னும் இரசாயன அறிஞர், அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு செடியிலிருந்து டிஜொக்சினைப் பிரித்தெடுத்த பின்னர், ஒரே சீரான அளவில் மருந்து கொடுத்தல் எளிதாயிற்று. இன்று வழங்கும் மாத்திரைகளில் 62.5, 125, 250 மைக்குரோகிராம் அளவே மருந்து உண்டு. ஒரு மைக்குரோகிராம் மில்லிகிராமில் ஆயிரத்திலொரு பங்கு. டிஜொக்சினின் பெரும்பகுதி உருமாறாமலே சிறுநீருடன் கழிவதனால், சிறுநீரகம் நலிந்தவருக்கும் முதியவருக்கும் அளவைக் குறைக்கவேண்டும். குருதியிற் பொற்றாசியம் குறைந்தவருக்கும் நச்சுத்தன்மை எளிதில் ஏறும். 1997இல் வெளியான பேராய்வொன்று, இதயத் தளர்ச்சியுற்றோர் வைத்தியசாலையிற் சேர நேர்வதை இம்மருந்து குறைக்கின்றது, ஆயுளை நீட்டுவதில்லை என்று காட்டிற்று. புதிய மருந்துகள் பல வந்தபின் அதன் ஆட்சி சுருங்கியுள்ளது. எனினும் அது மருத்துவரின் கையைவிட்டு நீங்கவில்லை.

ஷ்ரொப்ஷயர் முதியவளிடம் மருந்து இருந்தது. அது இரகசியமாக இருந்தமையால் எவரும் அதனைச் சோதிக்கவோ திருத்தவோ இயலவில்லை. வித்தரிங்கிடம் பிழைகள் இருந்தன. அவற்றை அவர் அச்சிட்டு ஊரறியச் செய்தமையால் பின்வந்தோர் அவற்றினின்று கற்றனர். கற்பிக்கும் தொழிலுடையோரும் கற்கும் மாணவரும் அவரிடம் பெறவேண்டிய பாடம் இதுவே. தான் அறிந்ததைச் சொல்லுதல் எளிது. தான் தவறியதையும் உடன் சொல்லும்போதே அறிவு பிறருக்கு மருந்தாகின்றது.