ஆர்தர் காட்டன் பெருமகனார்

ஆந்திர மண்ணில் வாழும் தமிழராகிய நாம், காவிரிக்கும் கோதாவரிக்கும் தொண்டாற்றிய பொறியாளர் ஆர்தர் காட்டனை (1803–1899) நினைத்தல் தகும்.

நீரின் அழுத்தம் ஆற்றின் அகலத்தைப் பொறுத்ததன்று; ஆழத்தையே பொறுத்தது. பத்தடி ஆழத்தில் சதுர அடிக்கு ஏறக்குறைய 624 பவுண்டு, இருபதடியில் இருமடங்கு. மேனிலைத் தொட்டி நீர் மாடியைவிடக் கீழ்வீட்டில் விரைந்து பாய்வதும் இதனாலன்றோ!

அணையின் முன் தேங்கும் நீர் இவ்வழுத்தத்தால் அடிமணலூடே கசிந்து அடித்தளத்தை அரிக்கும். பாறை காணா ஆற்றில் என் செய்வது? மணலில் கல் அமிழ அமிழ மேலும் கல்லிட்டு நம் முன்னோர் எழுப்பிய கல்லணையே அவருக்கு ஆசானாயிற்று. உயரம் குறையின் அழுத்தமும் குறையுமன்றோ?

1836-இல் கொள்ளிடத்தில் மேலணையைத் தொடங்கினார். 1833-இல் குண்டூர்ப் பஞ்சத்தால் நலிந்த தெலுங்கு நாட்டில், 1847 முதல் 1852 வரை தவளேசுவரத்தில் தாழ்ந்து நீண்ட அணையால் கோதாவரியைத் தேக்கினார். 1982-இல் அங்கு நிறைவுற்ற புதிய அணை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.