நிலா வெளிச்சத்தில் பழகியவர்… ஆரணிக்காரர் ஜெயித்ததைப் பார்க்காமலே போனவர்!

ஆரணின்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது பட்டுப்புடவை. தறிச் சத்தம் கேட்காத தெருவே இல்லாத ஊர் அது. அந்த ஊர்ல 1950-ல் பிறந்த ஒருத்தர்தான், இந்தியா கடைசியா ஒலிம்பிக் ஹாக்கி தங்கம் ஜெயிச்சப்போ கேப்டன். பேரு வாசுதேவன் பாஸ்கரன். இடம் மாஸ்கோ, வருஷம் 1980. ஆனா இந்தக் கட்டுரை அவரைப் பத்தி இல்லை. அந்தத் தங்கத்தைப் பார்க்க ரொம்பவே ஆசைப்பட்டிருக்கக்கூடிய, ஆனா எட்டு மாசத்துக்கு முன்னாடியே கண்ணை மூடிட்ட ஒரு பெரியவரைப் பத்தி. தயான் சந்த்!

1905 ஆகஸ்ட் 29-ல் அலகாபாத்தில் பிறந்தார். அப்பா ராணுவத்தில் இருந்தார். ஊர் ஊரா மாறி, கடைசியில் குடும்பம் ஜான்சியில் தங்கிடுச்சு. சின்ன வயசுல தயானுக்குப் பிடிச்சது மல்யுத்தம்தான். 16 வயசுல ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் ஹாக்கி மட்டையை ஒழுங்கா கையில் எடுத்தார். பகல்ல டியூட்டி இருக்கும். அதனால ராத்திரி, நிலா வந்ததும் தனியா மைதானத்துக்குப் போய் பழகுவாராம். தயான் சிங்கா இருந்தவர் தயான் சந்த் ஆனது இப்படித்தான்னு சொல்வாங்க. சந்த்னா நிலா.

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்குக் கிளம்பினப்போ, பம்பாய்த் துறைமுகத்தில் வழியனுப்ப வந்தது மூணே மூணு பேர்! அங்கே தயான் சந்த் அடிச்சது 14 கோல். ஃபைனல்ல நெதர்லாந்தை 3-0ன்னு ஜெயிச்சுத் தங்கத்தோட திரும்பினப்போ, அதே துறைமுகத்தில் கூட்டம் அலைமோதுச்சு. ஜெயிச்சா மட்டும் கூடுற பழக்கம் நமக்கு இன்ஸ்டாகிராம் வந்த பிறகு வந்தது இல்லை, பாஸ்.

1932 லாஸ் ஏஞ்சலஸ்ல அமெரிக்காவை 24-1ன்னு நொறுக்கினாங்க. அதுல தம்பி ரூப் சிங் 10, அண்ணன் 8. வீட்டுக்குள்ளேயே தோத்துப் போனாரு அண்ணன்!

ஆனா அவர் வாழ்க்கையோட பெரிய ஃபைனல் 1936 பெர்லின். இந்த முறை அவர்தான் கேப்டன். போனதும் ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனிகிட்ட 4-1ன்னு தோல்வி. அணிக்குத் தூக்கமே போச்சு. இந்தியாவுக்குத் தந்தி அடிச்சு தாரா என்கிற வீரரை அவசரமா வரவழைச்சாங்க. அதுக்கப்புறம் போட்டியில் ஃபைனல் வரைக்கும் எதிரணிகளுக்கு ஒரு கோல்கூட விடலை.

ஆகஸ்ட் 14-ல் நடக்கவேண்டிய ஃபைனல், மழையால ஒருநாள் தள்ளிப்போச்சு. எதிரே அதே ஜெர்மனி. ஆட்டத்துக்கு முன்னாடி பங்கஜ் குப்தா, உடை மாத்துற அறையில் காங்கிரஸின் மூவர்ணக் கொடியை எடுத்துக் காட்ட, எல்லோரும் அதுக்கு சல்யூட் அடிச்சுட்டு இறங்கினாங்க. வெள்ளைக்கார அரசாங்கத்தோட ராணுவச் சிப்பாய் ஒருத்தர் அப்படிச் செய்யறது சாதாரண விஷயம் இல்லை. அந்தத் தேதி ஆகஸ்ட் 15. சுதந்திரத்துக்கு இன்னும் 11 வருஷம் இருந்துச்சு.

பாதி நேரத்தில் 1-0 மட்டும்தான். ஈர மைதானத்தில் கால் வழுக்குதுன்னு, ஆணி வெச்ச பூட்ஸைக் கழட்டிப் போட்டுட்டு இறங்கினார் தயான் சந்த். அப்புறம் தறியில நாடா ஓடுற மாதிரி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு பந்து மட்டையைவிட்டுப் பிரியவே இல்லை. முடிவு 8-1! ஹிட்லர் அவரைத் தன் ராணுவத்துக்குக் கூப்பிட்டார்னு வாட்ஸ்அப்ல ஒரு கதை சுத்துமே, அதை நான் இங்கே சேர்க்கலை. அது இல்லாமலே அவர் பெரிய ஆள்தான்.

உலகப்போர் வந்ததால அடுத்த இரண்டு ஒலிம்பிக்கும் நடக்கலை. 1956-ல் மேஜரா ஓய்வுபெற்றார். அதே வருஷம் பத்ம பூஷண். கொஞ்ச காலம் பயிற்சியாளரா இருந்துட்டு ஜான்சிக்குத் திரும்பினார். பணக்கஷ்டம். மறதியும் சேர்ந்துகிச்சு, அவருக்கு இல்லை, நாட்டுக்கு.

1975 உலகக்கோப்பை ஃபைனல்ல பாகிஸ்தானுக்கு எதிரா வெற்றி கோலை அடிச்சது அவர் மகன் அசோக் குமார். அடுத்த வருஷம் மான்ட்ரியல் ஒலிம்பிக். முதன்முறையா செயற்கைப் புல்தரையில் ஆட்டம். புல்லுல பழகின நம்ம ஆட்கள் திணறி ஏழாவது இடத்துக்குப் போனாங்க. அந்த அணியில் அசோக் குமாரும் இருந்தார், ஆரணி பாஸ்கரனும் இருந்தார்.

1979 கடைசியில் கல்லீரல் புற்றுநோய். நாட்டுக்கு மூணு தங்கம் கொண்டுவந்த மனுஷனுக்கு டெல்லி எய்ம்ஸ்ல முதல்ல கிடைச்சது பொது வார்டு படுக்கை. டிசம்பர் 3-ல் இறந்துபோனார். உடல் ஜான்சிக்குப் போச்சு. அவர் விளையாடின மைதானத்திலேயே எரியூட்டினாங்க.

1980 ஜூலை 29. பல நாடுகள் புறக்கணிச்ச மாஸ்கோ ஒலிம்பிக்கில் வந்தது ஆறே அணிகள்தான், அதை மறைக்க வேண்டாம். ஆனா ஸ்பெயினுக்கு எதிரான ஃபைனல் சுலபமா இல்லை. இந்தியா முன்னாடி போகப்போக ஸ்பெயின் விடாம துரத்துச்சு. கடைசியில் 4-3. பாஸ்கரன் கழுத்தில் தங்கம் ஏறினப்போ, ஜான்சியில் அந்தப் பெரியவரோட நாற்காலி எட்டு மாசமா காலியா இருந்துச்சு.